பதினைந்து நொடி

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'இரும்புத் தொழில் வல்லுநர்' என்று அச்சாகியிருக்கிறது. முதலில் அதை அழித்துவிடுகிறேன். நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். அதன்பிறகு வீட்டுக் கொல்லையில் ஓர் உலை போட்டுக்கொண்டேன். கொல்லையில் நிற்பதால் ஒருவன் கொல்லன் ஆகிவிடுவதில்லை. எங்கள் ஊரில் வாழ்நாள் முழுக்கக் கொழுவும் மண்வெட்டியும் அடித்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். வல்லுநர் என்ற சொல் அவருக்குரியது. இன்று நான் சொல்வதில் சரியாக இருப்பதெல்லாம் அவரிடம் கேட்டது. பிழைகள் என் சொந்தச் சம்பாத்தியம்.

என் பட்டறையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு சார் ஆச்சு?" என்றுதான். 7,000 ரூபாய் ஆயிற்று. அதில் 3,400 கூரைக்குப் போனது. பழைய தகரம் நாலு, கால் ஊன்றக் குழாய், கூலி. பழைய கைச்சுற்று ப்ளோயர் 1,800. சம்மட்டித் தலையும் ஒரு சுத்தியலும் சேர்ந்து 900. ஒரு மூட்டைக் கரி 500. மீதி 400 ரூபாய்க்கு எடைக்கடையில் பழைய இரும்பு. இதைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். பட்டறைக்கல் எங்கே, குறடு எங்கே, பாதிப் பணம் தகரத்துக்கா போயிற்று என்று கேட்பார்கள். இந்த உரை முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

விரல் தடிமனில் ஒரு கம்பி. உலையில் பழுத்து மஞ்சளாகிவிட்டது, வெளியே எடுக்கிறீர்கள். அடித்தால் இளகிக் கொடுக்கிற சூடு அதில் ஏறக்குறைய 15 நொடிதான் தங்கும். காற்று கொஞ்சம் குடிக்கும், கல் அதைவிட வேகமாகக் குடிக்கும். மஞ்சள் செம்மையாகும், செம்மை மங்கும், கறுத்துவிடும். கறுத்த பிறகு அடித்தால் உங்கள் தோள்தான் வலிக்கும், இரும்பு நகராது. உருக்காக இருந்தால் விரிசல் விடும். மறுபடி உலை, மறுபடி கரி, மறுபடி காத்திருப்பு. ஆகவே பட்டறையில் எதை வாங்கும்போதும் ரூபாயைப் பிறகு பார்க்கலாம். இது எனக்கு எத்தனை நொடி மிச்சப்படுத்தும் என்று முதலில் பாருங்கள். உலைக்கும் கல்லுக்கும் நடுவே நாலு தப்படி இருந்தால் போக மூன்று நொடி போச்சு. பிடி கொடுக்காத குறடு என்றால் ஐந்து நொடி. கல் ஆடினால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் போகும். நின்ற இடத்தில் இடுப்பைத் திருப்பினால் உலை, திரும்பத் திருப்பினால் கல், கைநீட்டினால் தண்ணீர். இதற்கு எட்டடிக்கு எட்டடி போதும். பெரிய பட்டறை உண்மையில் ஒரு நஷ்டம்.

புறநானூற்றில் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன பாட்டு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதியமானின் வேல்கள் நுனி முறிந்து எங்கே கிடக்கின்றன என்கிறார்? கொல்லனின் சிறிய கொட்டிலில். ஒரு மன்னனின் படைக்கலம் முழுவதையும் செப்பனிட்ட இடத்துக்கே அவர் 'சிறிய' என்றுதான் அடைமொழி போடுகிறார். நமக்குக் கொக்கி அடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

கூரைக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எனக்குக் கூரை இல்லை. வேப்பமரத்தடியில், நல்ல காற்றோட்டமாக, நல்ல வெளிச்சமாக உலையை வைத்தேன். வெளிச்சம் இருந்தால் வேலை நன்றாகத் தெரியும் என்பது என் கணக்கு. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வாங்கி, மண்வெட்டி இல்லாவிட்டாலும் ஒரு களைக்கொத்தாவது அடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். உலையில் வைத்துச் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், பட்டை சிவக்கவே இல்லை. காற்றைக் கூட்டினேன். திடீரென்று தீபாவளி மத்தாப்பு மாதிரிப் பொறி பறந்தது. வெளியே இழுத்தால் முனை உதிர்ந்து விழுந்தது. இரும்பு எரிந்துவிட்டது. கார்பன் கூடுதலாக உள்ள உருக்கை அளவுக்கு மீறிக் காய்ச்சினால் உருகுவதற்கு முன்பே அதன் மணிகளுக்கு நடுவே கேடு புகுந்துவிடும். அப்படிக் கெட்டதை எந்தத் தோய்ச்சலும் மீட்காது.

ஆசாரி வந்து பார்த்தார். உலையைப் பார்க்கவில்லை, என் கருவிகளையும் பார்க்கவில்லை. அண்ணாந்து, மரக்கிளைகளின் ஊடே விழும் வெயிலைப் பார்த்தார். "வெயில்ல இரும்பு பொய் சொல்லும் வாத்தியாரே. மொதல்ல ஒரு நெழலப் போடுங்க. நெறம் தெரியாம என்னத்த அடிப்பீங்க?"

ஒளிமிகு பின்னணியில் மங்கலான ஒளிமூலம் கண்ணுக்குப் புலப்படாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நிழலில் அரக்குச் சிவப்பாகத் தெரிகிற இரும்பு வெயிலில் கறுப்பாகத்தான் தெரியும். மஞ்சள் வெறும் சிவப்பாகத் தெரியும். கொல்லனுக்கு வெப்பமானி கண்தான். அரக்குச் சிவப்பு 700 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஆரஞ்சு 900-க்கு மேல், மஞ்சள் 1,100 பக்கம். இந்த வேறுபாட்டைக் காட்டுவது நிழல். பழைய கொல்லுப் பட்டறைகள் இருட்டாக இருந்தது வறுமையால் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதி உண்மை அது; மறுபாதியில் தொழில்நுட்பம் இருக்கிறது. அதனால்தான் என் 3,400 ரூபாய்.

ஆனால் நிழல் என்றால் அறை ஆகாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. கதவை அடைத்த அறையில் கரி மூட்டி உயிர் விட்டவர்கள் உண்டு. மேலே கூரை, மேற்கு வெயிலுக்கு ஒரு மறைப்பு, குறைந்தது இரண்டு பக்கம் திறப்பு. கீற்று வேண்டாம், தகரமோ ஓடோ போடுங்கள். கார் நிறுத்துமிடத்தில், சிமென்ட் தரைமேல் உலை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பழுத்த இரும்பு சிமென்டில் விழுந்தால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். மண் தரையைப் போல நல்ல தரை கிடையாது, அதுவும் இலவசம்.

இனி உலை. லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று நல்ல உலைச்சட்டி. அதுவும் கிடைக்காவிட்டால் செங்கல்லை அடுக்கி நடுவே குழியாக்கி, களிமண்ணும் மணலும் சலித்த சாம்பலும் பிசைந்து பூசுங்கள். பூசியதை நிழலில் நாலைந்து நாள் ஆற விட வேண்டும். அவசரப்பட்டு மூட்டினால் பாளம் பாளமாக வெடிக்கும். காற்றுக் குழாயைப் பக்கவாட்டில் விடுவதா, அடியிலிருந்து விடுவதா என்று கேட்பார்கள். மரக்கரிக்குப் பக்கவாட்டுக் காற்றே தோது. ஆசாரி வீட்டு உலை தரையில் பறித்த குழி, பக்கத்திலிருந்து மண்மூக்கு. நிலக்கரிக்கு அடிக்காற்று வசதி, ஆனால் கிட்டம் இறங்கி அடைத்துக்கொள்ளும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தோண்டி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். குடியிருப்புக்கு நடுவே நிலக்கரிப் புகையை அக்கம்பக்கத்தார் பொறுக்கவும் மாட்டார்கள். நமக்குக் கருவேலங்கரி போதும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சீமையில் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி மூட்டை மூட்டையாக அனுப்புகிறார்கள். நிலத்தைக் கெடுக்கிறது என்று நாம் திட்டுகிற மரம், உலையில் மட்டும் குறையே சொல்ல முடியாத மரம். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயத்தில் எல்லாரும் தலைமுடி உலர்த்தும் கருவியைச் சொல்வார்கள். வேலை செய்யும், மலிவும்கூட. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல். நீங்கள் இரும்பை எடுத்துக் கல்லுக்குத் திரும்பிய பிறகும் அது ஊதிக்கொண்டே இருக்கும். யாருக்காக எரிகிறது அந்தக் கரி? கைச்சுற்றில் அப்படி இல்லை, கை நின்றால் காற்று நின்றுவிடும். என் உலை மணிக்கு இரண்டு மூன்று கிலோ கரி தின்கிறது. மின்விசிறி போட்டிருந்த மாதத்தில் அதைவிடக் கணிசமாகத் தின்றது. பட்டறைக்கு வாங்குகிற எல்லாம் ஒருமுறைச் செலவு, கரி மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திரும்ப வரும் செலவு. 1,800 ரூபாய் ப்ளோயர் எனக்கு ஒரு வருடத்தில் தன் விலையைத் திருப்பித் தந்துவிட்டது. ஏற்கெனவே மின் கருவிதான் இருக்கிறது என்றால் குழாய் நடுவே ஓர் அடைப்புத் தகடாவது வையுங்கள்.

இன்னொன்று: இரும்பைக் காற்று மூக்குக்கு நேரே வைக்காதீர்கள். அங்கே உயிர்க்காற்று மிச்சமாக இருக்கும், இரும்பைச் செதில் செதிலாகத் தின்றுவிடும். அடியில் ஒரு சாண் அளவுக்குக் கங்கு, மேலே கொஞ்சம் மூடாக்கு, நடுவே இரும்பு. கங்கின் மேல் இரும்பைப் படுக்க வைப்பது அல்ல, கங்குக்குள் புதைப்பது.

பட்டறைக்கல். பட்டடை என்றும் சொல்வோம். வள்ளுவர் கூடா நட்புக்கு இதைத்தான் உவமை சொன்னார். தாங்குவது போலத் தாங்கி, அடி விழ ஏதுவாக இருக்கும் கல். புதிதாய்ப் பட்டறை போடுகிறவர்கள் பணத்தை இழக்கும் இடம் இது. கொம்பும் குழியும் வைத்த ஆங்கிலேய மாதிரிக் கல்லைப் படத்தில் பார்த்துவிட்டு அது வரும்வரை தொடங்குவதில்லை. அல்லது வார்ப்பிரும்பில் செய்த மலிவுக் கல்லை வாங்கி, ஓரம் உதிர்ந்து வருந்துவார்கள். நம் ஆசாரிகளின் கல்லைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சதுரக் கட்டிதான், மரக்கட்டையில் இறக்கியிருப்பார்கள். அதில்தான் இந்த மாநிலத்துக் கொழு எல்லாம் அடிபட்டது.

என் கல் ஒரு 8 பவுண்டு சம்மட்டித் தலை. காம்பு போடாமல், புளியமரக் கட்டையின் தலையில் குழி பறித்து, ஒரு முகம் மேலே தெரிய இறக்கியிருக்கிறேன். முகம் உள்ளங்கை அளவுகூட இல்லை. எதிர்பாராத நன்மை என்னவென்றால், முகம் சின்னதானால் இரும்பிலிருந்து சூட்டைக் குடிக்கும் பரப்பும் சின்னது. கட்டை இரண்டடி மண்ணுக்குள். கல்லின் எடையைவிட அது ஆடாமல் இருப்பதுதான் வேலையைத் தருகிறது, ஏனென்றால் கல் அசைந்தால் உங்கள் அடியின் ஆற்றல் அசைவுக்குப் போய்விடும். உயரம், நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல்முட்டி தொடும் அளவு.

தண்டவாளத் துண்டும் நல்ல கல். படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தினால் அடிக்கு நேர் கீழே எடை முழுவதும் இருக்கும். ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஏலத்தில் எடுத்தவரிடம் ரசீதோடு வாங்கலாம். இரவில் கொண்டுவந்து தருகிறேன் என்பவரிடம் வேண்டாம்.

சுத்தியல் ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். கனமான சுத்தியலால் நாலு அடி அடித்துக் களைத்துப்போவதைவிட இலகுவானதால் 15 நொடியும் விடாமல் அடிப்பது மேல். புதுச் சுத்தியலின் ஓரம் கூராக இருக்கும், அதை அரத்தால் மழுக்கி, முகத்துக்குச் சற்றே குவிவு கொடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரும்பில் நகக்குறி போடும்.

குறடு ஏன் வாங்கவில்லை? முதல் மாதம் தேவைப்படவில்லை. இரண்டடிக் கம்பியை ஒரு முனையில் காய்ச்சினால் மறுமுனையைக் கையாலேயே பிடிக்கலாம். கொக்கி, கங்கு கிளறும் குச்சி, ஆணி எல்லாம் இப்படியே அடித்துவிட்டுக் கடைசியில் வெட்டிக்கொள்ளலாம். கை கொஞ்சம் பழகியதும் குறட்டை நாமே அடிப்பது. முதல் குறடு கோணலாக வரும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது. தன் கருவியைத் தானே செய்துகொள்ளும் தொழில்கள் கொஞ்சம்தான். தச்சருக்கு உளி வேண்டுமென்றால் கொல்லரிடம் வர வேண்டும். கொல்லருக்குக் குறடு வேண்டுமென்றால் உலையை மூட்ட வேண்டியதுதான்.

இனி இரும்பு. எடைக்கடைக்குப் போனால் சொர்க்கம் மாதிரி இருக்கும். அங்கே இரண்டு எச்சரிக்கை. முதலாவது துத்தநாகப் பூச்சு. தண்ணீர்க் குழாய், வாளி, சில கம்பி வலை எல்லாவற்றிலும் அந்த வெள்ளி நிறப் பூச்சு இருக்கிறது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும், உலை அதைவிடச் சூடு. வெள்ளைப் புகையாகக் கிளம்பும். மூச்சில் இழுத்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல் அடிக்கும், வாயில் உலோகச் சுவை. நான் உலையின் மூக்குக்கு மலிவாகக் கிடைத்த ஜி.ஐ. குழாயைச் செருகிவிட்டு அன்றிரவு போர்வைக்குள் நடுங்கினேன். மலேரியா என்று என் மனைவி பயந்துபோனாள். கறுப்புக் குழாயாக வாங்குங்கள். குரோமியம் பூசிய நாற்காலிக் காலும் கூடாது.

இரண்டாவது, இரும்பின் முகத்தைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்ல முடியாது. கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு, கத்தி அடித்தால் முனை நிற்காது. லாரிப் பட்டையில் நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது சற்றே கூடுதலாகக் கார்பன் உண்டு, அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும் நல்லது. பழைய அரத்தில் இன்னும் அதிகம். இந்தக் கால் விழுக்காடு, அரை விழுக்காடுதான் கம்பிக்கும் கத்திக்கும் உள்ள வேறுபாடு, கண்ணுக்கு அது தெரியாது. மைக்கேல் ஃபாரடே தெரியும் உங்களுக்கு, மின்காந்தத் தூண்டல். அவருடைய அப்பா ஒரு கொல்லர். ஃபாரடே 1819-இல் நம் தென்னாட்டு ஊட்ஸ் உருக்கை லண்டனில் ஆராய்ந்து கட்டுரை எழுதினார். அதன் சிறப்புக்கு அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று அவர் முடிவுக்கு வந்தார். அது தவறு, கார்பன்தான் காரணம். கொல்லர் மகன், அவ்வளவு பெரிய வேதியியலாளர், அவரே ஏமாந்திருக்கிறார். எடைக்கடைக்காரர் "இது நல்ல எஃகு சார்" என்பதை நாம் எப்படி நம்புவது?

சோதித்துப் பார்க்க வேண்டும். சாணைக்கல்லில் தொட்டால் பொறி பறக்கும். கார்பன் குறைந்த இரும்பில் நீண்ட நேர்க்கோடாகப் போய் அணையும். கூடுதலானதில் பொறி நடுவிலேயே பூப்பூவாக வெடித்துக் கிளை விடும். இன்னும் நம்பகமானது: ஒரு சிறு துண்டைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிச் சுத்தியலால் தட்டுங்கள். வளைந்தால் மெல்லிரும்பு. கண்ணாடி மாதிரி முறிந்தால் உருக்கு. ஒரு துண்டைத் தியாகம் செய்தால் ஒரு நாள் உழைப்பு மிஞ்சும்.

தோய்ச்சல் தனி உரைக்கு உரியது. இரண்டு வார்த்தை மட்டும். இரும்பு 770 டிகிரியில் காந்தத்துக்கு இழுபடும் தன்மையை இழந்துவிடும் என்று கரும்பலகையில் எத்தனையோ வருடம் எழுதியவன் நான். அதை முதன்முதலில் கண்ணால் பார்த்தது உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து பிடுங்கிய காந்தத்தால், என் 59-வது வயதில். பழுத்த பட்டையருகே காந்தத்தைக் கொண்டுபோனேன். அது செங்கல்லைப் பார்ப்பது போலச் சும்மா இருந்தது. உலையை விட்டுவிட்டு உள்ளே ஓடி மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். அவள் அடுப்பில் பால் வைத்திருந்தாள், அது பொங்கிவிட்டது. சரி. காந்தம் விட்ட இடத்துக்கு இன்னும் சற்று மேலே, லாரிப் பட்டையானால் எண்ணெயில் முக்குங்கள். தண்ணீரில் முக்கினால் விரிசல் விட வாய்ப்பு அதிகம். எண்ணெயைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக்கொள்ள வேண்டும், மூடி பக்கத்திலேயே இருக்க வேண்டும், தீப்பிடித்தால் மூட. பிறகு மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மெதுவாகச் சூடு ஏற்றினால் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக ஓடி வரும். கத்தி முனைக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவது. அந்த நிறங்களைப் பார்க்கவும் நிழல் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உடுப்பு பற்றிக் கேட்பார்கள். பருத்தி மட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், காலுக்கு மூடிய செருப்பு. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் வந்தார்கள் என்றால் கல்லைச் சுற்றி ஒரு சங்கிலியைக் கட்டுங்கள், கணீரென்ற ஒலி பாதியாகும். நான் கூடவே அவர்கள் வீட்டு அரிவாள்மணையைச் சாணை பிடித்துக் கொடுத்தேன். சங்கிலியைவிட அது நன்றாக வேலை செய்தது.

மேசைமேல் சில சாமான்களை வைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் இருப்பது வெயிலில் எரிந்துபோன அந்த லாரிப் பட்டை, முனையைத் தொட்டுப் பாருங்கள், ரவை மாதிரி உதிரும். அடுத்தது என் முதல் குறடு. அது எதையும் பிடிக்காது, வாய் ஒன்றோடொன்று சேராது. அதைக் கொண்டு அடித்த இரண்டாவது பரவாயில்லை. கடைசியில் இருக்கும் களைக்கொத்து ஆசாரி அடித்தது. அவர் என் சம்மட்டித் தலைக் கல்லில், என் கரியில், என் கண் முன்னாலேயே அடித்தார். மூன்று காய்ச்சல்தான் போட்டார். எண்ணிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு காய்ச்சலிலும் 15 நொடியை அவர் தொடவே இல்லை, பத்தில் முடித்து உலைக்குத் திரும்பிவிட்டார். ஏன் ஐந்து நொடியை வீணாக்குகிறீர்கள் என்று கேட்டேன். "செவப்பு மங்கறதுக்குள்ள கைய எடுத்துறணும் வாத்தியாரே" என்றார். நான் இன்னும் அதற்குப் பழகவில்லை. வாருங்கள், கையிலெடுத்துப் பாருங்கள். எல்லாம் ஆறியவைதான்.